நாலு பேர் நிஜமாகவே பார்க்கும்போது

ஆட்டிசம் உள்ளவர்களைச் சமூகப் பதற்றம் ஏன் இவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது? வழக்கமான சிகிச்சை அவர்களிடம் ஏன் தடுமாறுகிறது?

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இருபது பேர். இல்லாதவர்கள் இருபது பேர். டி.வி. ரியாலிட்டி ஷோ ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பாவனையில் ஒவ்வொருவரும் கேமரா முன்னால் ஒரு நிமிடம் பேசினார்கள். அதில் முதல் பத்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்து 214 கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலர் வீடியோவாகப் பார்த்தார்கள், சிலர் குரலை மட்டும் கேட்டார்கள், சிலருக்கு ஒரே ஒரு புகைப்படம், இன்னும் சிலருக்குப் பேச்சை எழுதிய தாள். யாருக்கு ஆட்டிசம் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்ட கேள்விகள் எளிமையானவை. இவர் பக்கத்தில் உட்காருவீர்களா? இவருடன் பேசுவீர்களா? இவர் பக்கத்து வீட்டில் குடிவந்தால் சரியா?

டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நோவா சாஸனும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இது. வீடியோ, குரல், புகைப்படம் என்று எதில் பார்த்தாலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கே குறைந்த மதிப்பெண் விழுந்தது. எழுத்தை மட்டும் படித்தவர்களிடம் அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. ஆட்டிசம் உள்ளவர்கள் சொன்ன விஷயத்தில் குறையில்லை. சொன்ன விதம், நின்ற விதம், குரல் ஏறி இறங்கிய விதம், இவைதான் பத்து விநாடிக்குள் தீர்ப்பு எழுதின.

கூச்சம், பயம் என்று ஆலோசகரிடம் போகிறவர் அநேகமாக முதல் நாளே கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. “உங்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அவரவருக்கு அவரவர் வேலை.” நல்ல ஆறுதல்தான். பலர் விஷயத்தில் உண்மையும்கூட. ஆனால் ஆட்டிசம் உள்ள ஒருவரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? கவனிக்கிறார்கள். முடிவும் கட்டிவிடுகிறார்கள். அது அவருக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். சமூகப் பதற்றம் என்ற கோளாறைப் பற்றிய நம் புரிதல், பயம் மிகைப்பட்டது என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. ஆட்டிசம் உள்ளவரின் பயத்தில் ஒரு பங்காவது அனுபவத்தில் கற்றுக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதினால் வேலைக்காகாது.

ஒரே புத்தகம், வேறு வேறு அத்தியாயம்

சமூகப் பதற்றத்தைத் தனி நோயாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியவர்கள் லண்டனின் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும். ஆண்டு 1966. பாம்பைக் கண்டு பயப்படுகிறவரும், நாலு பேர் முன்னால் டீ குடிக்கப் பயப்படுகிறவரும் ஒரே வகையல்ல என்றார்கள். ஆட்டிசத்தின் கதை அதைவிடப் பழையது. சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா 1925-லேயே ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதையே தொடக்கமாகக் கொண்டார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்., 1980-ல் தன் மூன்றாம் பதிப்பில் இரண்டையும் முதன்முதலாகச் சேர்த்தது. ஒன்று குழந்தைகள் பகுதியில், இன்னொன்று பதற்றக் கோளாறுகள் பகுதியில். பிறகு 1994-ல் வந்த நான்காம் பதிப்பு ஒரு நிபந்தனையைச் சொன்னது. ஒருவரின் பயத்தையும் ஒதுங்கலையும் ஆட்டிசம் சார்ந்த நிலைகளே விளக்கிவிட்டால், சமூகப் பதற்றம் என்று தனியாக எழுத வேண்டாம். 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் அந்த வரி இருக்கிறது. நோக்கம் தவறில்லை, ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர் வைக்கக் கூடாது என்பதுதான். ஆனால் மருத்துவமனை அறையில் அது வேறு மாதிரி வேலை செய்தது. பையன் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று அழுகிறானா? ஆட்டிசம், அப்படித்தான் இருப்பான். கல்லூரிக்குப் போகும் பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லையா? அதுவும் ஆட்டிசம். பயம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதைக் குறைக்க முடியும் என்பதே யோசனையில் வராமல் போனது.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கிறது. சரளமாகப் பேசுகிற, நன்றாகப் படித்த, முக்கியமாகப் பெண்ணாக இருக்கிற ஒருவர் சமூகப் பதற்றம் என்ற சீட்டோடு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவார். அடியில் ஆட்டிசம் இருப்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆட்டிசம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது எப்போதும் ஒரு குழந்தைதான். அந்தக் குழந்தைக்கு முப்பது வயதாகி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

எவ்வளவு பேருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கிறது? 2008-ல் பிரிட்டனில் எமிலி சைமனாஃப் குழு, 10 முதல் 14 வயதுவரையான ஆட்டிசக் குழந்தைகள் 112 பேரை ஆராய்ந்தபோது 29 சதவீதம் பேருக்குச் சமூகப் பதற்றக் கோளாறு இருந்தது. முப்பத்தொரு ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2011-ன் டச்சுத் தொகுப்பில் அது 17 சதவீதம். பெரியவர்களைப் பற்றி 2019-ல் வந்த தொகுப்பாய்வில் மறுபடியும் 29. எண்கள் இப்படி ஊசலாடுவதற்கு ஒரு காரணம், அளக்கிற கோலிலேயே கொஞ்சம் கோணல் இருப்பது. அதைப் பிறகு பார்ப்போம்.

மண்டபத்தில் இரண்டு பேர்

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். வாசலில் பன்னீர் தெளிக்கிறார்கள். முகத்தில் ஈரம். உள்ளே நாதஸ்வரத்தோடு மைக்கும் போட்டி போடுகிறது. முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் விளக்கு. தூரத்துச் சொந்தத்தில் ஒரு அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, “என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்” என்கிறார். பந்தியில் உட்கார்ந்தால், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க ஒருவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு நாம் ரசத்துக்கு வந்துவிட்டோமா என்று பார்க்கிறார்.

இதற்குப் பயந்து வெளியே கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி. ஒருவருக்குச் சமூகப் பதற்றம். அத்தை கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சொல்லும்போது குரல் நடுங்குமோ, முகம் சிவக்குமோ, இவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையா என்று நினைப்பாரோ என்பதுதான் கவலை. இன்னொருவருக்கு ஆட்டிசம். அத்தையின் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டுமா, விளையாட்டா, எவ்வளவு நேரம் கையைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவருக்கு எழுதப்படாத சட்டம். மைக் சத்தம் காதில் இல்லை, பல்லில் கேட்கிறது. அவருக்கு அத்தையின் அபிப்பிராயம் ஒரு பொருட்டாகவே இல்லாமலும் இருக்கலாம்.

பிரித்தறிய மருத்துவர்கள் சில தடயங்களைத் தேடுவார்கள். முதலாவது, காலம். ஆட்டிசத்தின் சாயல் மூன்று நாலு வயதிலேயே இருக்கும். சமூகப் பதற்றம் பெரும்பாலும் பதின்பருவத்தில் தலைகாட்டும். இரண்டாவது, மேடை. சமூகப் பதற்றம் உள்ளவருக்கு மேடைதான் பெரும்பாலும் உச்சகட்டப் பயம். ஆட்டிசம் உள்ள சிலர் தங்களுக்குப் பிடித்த விஷயத்தில், அது ரயில் என்ஜினோ சோழர் காசோ, ஒரு மணி நேரம் தங்குதடையின்றிப் பேசிவிடுவார்கள். பேசி முடித்த பிறகு வரும் டீ இடைவேளைதான் அவர்களுக்கு ஆகாது. அங்கே தலைப்பு கிடையாது, யாருடைய முறை என்ற அறிவிப்பு கிடையாது. மூன்றாவது, நெருக்கம். பழகிய நண்பரிடம் சமூகப் பதற்றம் உள்ளவர் ஆளே மாறிவிடுவார், கிண்டல் செய்வார், கண் பார்த்துப் பேசுவார். ஆட்டிசம் உள்ளவருக்கு நெருங்கியவரிடமும் கண் பார்ப்பது பாரமாகவே இருக்கலாம். நூஷின் ஹட்ஜிகானியின் குழு 2017-ல் மூளை ஸ்கேனில் பார்த்தது இதோடு ஒத்துப்போகிறது. முகத்தில் கண் பகுதியை மட்டும் பார்க்க வைத்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையின் உட்பகுதியில் அளவுக்கு மீறிய கிளர்ச்சி எழுந்தது. அலட்சியத்தால் கண்ணைத் திருப்பவில்லை. தாங்க முடியாமல் திருப்பியிருக்கிறார்கள்.

இத்தனை தடயம் இருந்தும், மண்டபத்துக்கு வெளியே நிற்கிற அந்த இருவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால்? அதுதான் சிக்கலே.

அளவுகோலுக்கு வருவோம். சமூகப் பதற்றத்தை அளக்க உலகெங்கும் புழங்கும் லீபோவிட்ஸ் வினாத்தாளில் 24 சூழ்நிலைகள். பொது இடத்தில் சாப்பிடுவது, விருந்துக்குப் போவது, பழக்கமில்லாதவரிடம் பேசுவது, வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்று பட்டியல். எவ்வளவு பயம், எவ்வளவு தவிர்க்கிறீர்கள் என்று மதிப்பெண் போட வேண்டும். ஹோட்டலில் சாப்பிடுவதை முழுக்கத் தவிர்க்கிறேன் என்று ஆட்டிசம் உள்ளவர் முழு மதிப்பெண் போடுவார். காரணம் பார்ப்பவர்களின் கண்ணா, எவர்சில்வர் தட்டுகளின் சத்தமா, சாம்பார் வாசனையா? தாளில் அதற்குக் கட்டம் இல்லை. இன்னொரு பக்கம், தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தெரியாத தன்மை ஆட்டிசம் உள்ள பலருக்கு உண்டு. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. “பயமா?” என்று கேட்டால், “இல்லை, வயிறு சரியில்லை” என்பார். அவர் தாளில் பூஜ்யம் விழும்.

ஒன்றின் மேல் ஒன்று எப்படி வளர்கிறது

ஆட்டிசத்தோடு பிறக்கிற குழந்தை பயத்தோடு பிறப்பதில்லை. பயம் பாடத்திட்டத்தில் சேருகிறது. “பெரியவங்க வந்தா வாங்கன்னு சொல்லத் தெரியாதா?” “வாயில என்ன கொழுக்கட்டையா?” “கண்ணைப் பாத்துப் பேசு.” உம்மணாமூஞ்சி, திமிர் பிடித்தவள், ஒட்டாத ஆள் என்று பட்டங்கள் வேறு. வகுப்பில் ஒரு முறை எதையோ சொல்லி எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரித்தார்கள் என்று புரியவில்லை. காரணம் புரியாத அவமானம் காரணம் புரிந்ததைவிட மோசமானது, ஏனென்றால் அடுத்த முறை எதைத் தவிர்ப்பது என்றே தெரியாது. அப்புறம் எல்லாவற்றையும் தவிர்ப்பதுதான் பத்திரம் என்று ஆகிவிடுகிறது.

இன்னொரு வழி நடிப்பு. ஆய்வாளர்கள் இதை ‘மறைத்தல்’ என்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் லாரா ஹல் குழு 2017-ல் ஆட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் இதைப் பற்றி விவரமாகக் கேட்டு எழுதியது. கண்ணைப் பார்க்க முடியாததால் புருவ மத்தியைப் பார்ப்பது. அடுத்தவரின் சிரிப்பையும் கையசைவையும் பிரதி எடுப்பது. வேற்றாளிடம் பேசுமுன் கேள்வி பதிலை ஒத்திகை பார்ப்பது. கேஸ் ஏஜென்சிக்கு ஒரு போன் போட, “சிலிண்டர் எப்ப வரும்” என்ற மூன்று வார்த்தையை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் போனையே பார்த்திருப்பவரை நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எதிர்முனையில் நோட்டில் இல்லாத ஒரு கேள்வி வந்தால் தீர்ந்தது.

மறைத்தல் பலிக்கிறது என்பதுதான் அதன் கேடு. வேலை கிடைக்கிறது, திருமணமும் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் தேர்வாகிவிடுகிறது, எந்த நிமிடமும் முகமூடி நழுவலாம். இப்போது அவருக்கு அசல் சமூகப் பதற்றம் வந்தாயிற்று, பாடப் புத்தகத்தில் உள்ளபடியே. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச்சு இருக்காது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். சாரா காசிடி குழுவின் 2018 ஆய்வு, மறைத்தல் அதிகமாக இருப்பவர்களிடம் தற்கொலை எண்ணங்களும் அதிகம் என்று காட்டியபிறகு, “நல்லா பழகக் கத்துக்கிட்டான்” என்று பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

சிலர் மறைப்பதில்லை, மௌனமாகிவிடுகிறார்கள். காலநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க் தனக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலையோடு, சூழ்நிலையைப் பொறுத்துப் பேச்சு நின்றுபோகும் பதற்றக் கோளாறும் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். ஆட்டிசம் உள்ள கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், இளமையில் தன் முதன்மையான உணர்ச்சியே பயம்தான் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். மனச்சோர்வுக்குத் தரும் மருந்தைக் குறைந்த அளவில் எடுத்துக்கொண்டது தன் வாழ்க்கையையே திருப்பியது என்றும் சொல்கிறார். அவருக்கு ஆட்டிசம் போகவில்லை. பயம் குறைந்தது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வீடியோ காட்டும் சிகிச்சை

சமூகப் பதற்றத்துக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது சி.பி.டி. எனப்படும் பேச்சு சிகிச்சை. டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-ல் வகுத்த முறையில் ஒரு அழகான உத்தி உண்டு. நோயாளியை ஒரு வேற்றாளோடு பேசவிட்டு, அதைப் படமெடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். உள்ளே பூகம்பமே நடந்தாலும் திரையில் தெரிகிறவர் சாதாரணமாகத்தான் இருப்பார். “நான் நினைத்த அளவுக்கு மோசமில்லையே” என்ற கண்டுபிடிப்பே மருந்து.

ஆட்டிசம் உள்ளவருக்கு அதே வீடியோவைப் போட்டால்? தன் குரல் ஒரே சுதியில் போவதையும் கை எங்கோ நிற்பதையும் அவர் பார்க்கக்கூடும். எதிரே இருப்பவர் முகம் லேசாகச் சுருங்குவதையும்தான். பயத்தைப் பொய்யாக்க எடுத்த படம் அதற்கு முத்திரை குத்திவிடலாம். இதற்காகச் சிகிச்சையையே கைகழுவ வேண்டியதில்லை என்பது என் கட்சி. கேள்வியை மாற்றினால் போதும். ‘யாரும் கவனிப்பதில்லை’ என்பதற்குப் பதிலாக, கவனிக்கிறார்கள், அதில் யாருடைய அபிப்பிராயம் எனக்கு முக்கியம்? எந்த இடத்தில் நடிக்காமல் இருக்க முடியும்? எந்த இடத்துக்குப் போகவே வேண்டாம்?

மாற்றினால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜெஃப்ரி வுட் குழு 2020-ல் ஆட்டிசமும் பதற்றமும் உள்ள 167 குழந்தைகளிடம் இரண்டு வகை சி.பி.டி.யை ஒப்பிட்டது. பொதுவான முறையும் உதவியது. ஆட்டிசத்துக்கென்று தைத்துக் கொடுத்தது அதைவிட அதிகம் உதவியது. பேச்சைக் குறைத்து எழுத்தும் படமும் சேர்ப்பது, குழந்தைக்குப் பிடித்த விஷயத்தையே பாடமாக்குவது, பெற்றோரையும் பள்ளியையும் உள்ளே இழுப்பது போன்றவை அந்தத் தையலில் அடக்கம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பயந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் பயம் வடியும் என்பது சி.பி.டி.யின் அடிப்படை. அபிப்பிராயத்தைப் பற்றிய பயத்துக்கு இது பொருந்தும். மைக் சத்தம் பல்லில் கேட்கிறவரைப் பத்து மண்டபங்களுக்குக் கூட்டிப்போனால் பதினோராவதில் பழகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. காதடைப்பான் வாங்கிக்கொடுப்பது அங்கே கோழைத்தனமல்ல.

எதிரே இருப்பவர்களையும் மாற்ற முடியுமா? ஆட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கேள்வியை எழுப்பினார். புரிந்துகொள்ளாமை ஒருவழிப் பாதை என்று யார் சொன்னது? ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் புரியவில்லை என்றால், மற்றவருக்கு அவரும்தான் புரியவில்லை. எடின்பரோவில் கேத்தரின் கிராம்டன் இதைச் சோதித்தார். எட்டுப் பேர் வரிசையாக ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்த வேண்டும். 2020-ல் வெளிவந்த முடிவில், ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்களின் வரிசைக்குச் சமமாகக் கதையைக் காப்பாற்றியது. கலப்பு வரிசையில்தான் அதிகம் சிந்தியது. 2025-ல் 311 பேரை வைத்து விரிவாகச் செய்தபோது கலப்பு வரிசையும் சமமாகவே வந்தது. ஆகவே மில்டன் சொன்னது முழுக்க நிரூபணமாகிவிட்டது என்று கொடி பிடிக்க முடியாது. ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்குச் செய்தியைக் கடத்தத் தெரியாது என்ற பழைய நம்பிக்கை இரண்டு முறையும் தோற்றது.

சாஸனும் கெரியான் மாரிசனும் 2019-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இவருக்கு ஆட்டிசம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள் அதே மனிதர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். ஆட்டிசத்தைப் பற்றி ஏற்கனவே தெரிந்தவர்கள் இன்னும் தாராளம். அப்படியானால் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அமெரிக்கக் கல்லூரி மாணவருக்குச் சொல்வது வேறு, வரன் பார்க்கும் வீட்டில் சொல்வது வேறு. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தாலே தரகரை மாற்றுகிற ஊர் இது. எல்லோரிடமும் சொல்லிவிடு என்று யாருக்கும் உபதேசம் செய்ய எனக்குத் தைரியமில்லை. கூட வேலை செய்யும் ஒருவரிடம், வகுப்பில் ஒரு ஆசிரியரிடம் என்று தொடங்கலாம்.

பெரியவர்கள் எங்கே போவது

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படும் அளவுகோல் ‘இஸா’. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. கண் பார்க்கிறாரா, புன்னகைக்குப் புன்னகைக்கிறாரா, ஒதுங்கி இருக்கிறாரா என்று பார்த்து எண் போட வேண்டும். முப்பது வருடம் புருவ மத்தியைப் பார்த்துப் பழகிய ஒருவர் இந்த வலையில் சுலபமாக நழுவிவிடுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் அவர் இதுவரை கொடுத்ததிலேயே சிறந்த நடிப்பாக இருக்கும்.

அதனால் மருத்துவரிடம் போகும்போது வாய்ப்பேச்சை நம்பாமல் காகிதத்தோடு போவது நல்லது. பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்கு முன் எப்படி இருந்தார் என்று அம்மாவையோ பெரியம்மாவையோ கேட்டு எழுதலாம். யாரோடு விளையாடினார், எந்தத் துணி உடம்பில் பட்டால் அழுதார், எதைத் திரும்பத் திரும்பச் செய்தார். கூடவே, தவிர்க்கிற இடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம். ஜனங்கள் என்ன நினைப்பார்களோ என்பதா, சத்தமா, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததா? லீபோவிட்ஸ் தாளில் இல்லாத அந்தக் கட்டத்தை நாமே போட்டுக்கொள்வதுதான் இது. மாத்திரை என்று வந்தால், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். ஆட்டிசம் உள்ள சிலருக்குப் பக்கவிளைவு சீக்கிரம் தெரியும்.

அவசரத்துக்கு அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. போன் பேசப் பயப்படுகிறவருக்கு நாம் கொடுக்கும் உதவியும் ஒரு போன் நம்பர்தான். அவருக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் அந்த எண்ணை அழைத்து, அவர் எழுதிக்கொடுத்ததைப் படித்துக் காட்டிப் பேசலாம். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் போதும்.